கிணற்றடி வாசனை

அக்டோபர் 25, சனி

விடாத தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை.

அம்மாவுக்கு இன்றும் காய்ச்சல். கண் சிவப்பு. கெண்டைக்காலைத் தொட விடவில்லை. "கிணத்தடியில ஈரத்தோட நிக்கறேனோல்லியோ, அதான்" என்கிறாள். டாக்டரைத் திங்கட்கிழமை பார்த்துக்கலாமாம். இவளை நகர்த்துவதற்குப் பதில் தேரையே இழுத்துவிடலாம்.

ஐப்பசி. கோயிலுக்குக் காவேரித் தீர்த்தம் யானை மேல் போகிறது. பின்னால் என் ஸ்கூட்டர். லேப்புக்கு லேட்.

தொட்டியம் பக்கம் வாழைத்தோப்பில் செத்துக் கிடந்த நரியின் சிறுநீரகம் வந்திருந்தது. ஸ்டெல்லாவும் நானும் பார்த்தோம். (பக்கத்து மேஜை, பொன்மலைக்காரி, எங்கள் லேப்பில் சத்தமாகச் சிரிக்கிற ஒரே ஆள்.) நரி, கீரி, மரநாய் சுமக்கிற கிருமி மனிதருக்கு வருமா என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. எதிர்வீட்டு மாமி காலையில் கேட்டாள்: "நீ நரிக்கு வைத்தியம் பாக்கறயாமே, பீஸ் குடுக்குமா?"

வாங்க: டார்ச் பேட்டரி. அம்மா குதிகால் வெடிப்புக்குக் களிம்பு.

அக்டோபர் 27, திங்கள்

அம்மாவின் கண் மஞ்சள். சிறுநீர் கறுத்த டீ நிறம். ஆட்டோவில் தில்லைநகர் ஆஸ்பத்திரி. நேராக ஐ.சி.யூ.

டாக்டர், சின்ன வயசுக்காரர், நிதானமாகச் சொன்னார்: "எலிக்காய்ச்சல் மாதிரி தெரியுதுங்க. கிட்னியைத் தொட்டிருக்கு. ரெண்டு நாள் பாப்போம், தேவைப்பட்டா டயாலிசிஸ்."

அப்பா: "எங்காத்துல எலியே கிடையாதே டாக்டர். ஒண்ணுகூடக் கிடையாது." பெருமையாகச் சொன்னார், ஏதோ பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி. டாக்டர் சிரித்தார். எங்கள் வீட்டில் ஏன் எலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை நின்றது. புழுக்கம்.

பரணில் மரநாய். பூனையைவிட நீளம், கறுப்பு முகம், நீண்ட வால். இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறது. எலிகளை ஒழித்தது அதுதான். ராத்திரி ஓட்டில் நடக்கும் சத்தம் கேட்கும். பிடித்துத்தான் இருந்தது.

இன்று ஏணி போட்டு ஏறினேன். கிணற்றின் மேல் சாய்ந்திருக்கிற ஓட்டுத் தாழ்வாரம்தான் அதன் கழிப்பறை. நாள்பட்ட எச்சம், பழக்கொட்டைகள். மழை பெய்தால் எல்லாம் நேரே கிணற்றுக்குள். கிருமி அதன் சிறுநீரகத்தில் குடியிருக்கும், சிறுநீரில் இறங்கும். அதற்கு ஒரு தலைவலிகூட வராது.

அந்தக் கிணறு பெருமாளுக்கு மட்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, வாஷரில் தோல் இருக்குமாம். நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். விடியும் முன் அம்மா குளித்து, ஈர மடிப் புடவையோடு இறைத்து, வெறுங்காலோடு பாத்திரம் தேய்ப்பாள். வெடித்த குதிகால், தேங்கிய தண்ணீர். குளிக்காத நாளில் என்னைக் கிணற்றுக் கயிற்றைத் தொட விட்டதில்லை. மனிதர்களிடமிருந்து அவ்வளவு காபந்து. மேலே பார்க்கத் தோன்றவில்லை, அவளுக்கும், மிருகக் கிருமிக்குச் சம்பளம் வாங்கும் எனக்கும்.

கிணற்று நீர் ஒரு பாட்டில், சிறுநீர் ஊறிய எச்சம் ஒரு டப்பா. லேப்பில் கொடுத்தேன். டப்பாவில் என் வீட்டு விலாசத்தைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

இன்னொன்று. விடிகாலையில் கிணற்றடியில் ஒரு வாசனை வரும். அடுப்பே மூட்டாத நேரத்தில் புது அரிசி சாதம் வடித்த மாதிரி. அது மரநாய் எல்லை குறிக்கிற வாசனை. எனக்குத் தெரியும், சொன்னதில்லை. காரணம் அப்பா. பேங்கிலிருந்து ரிடையர் ஆன வருஷம் அந்த மனுஷர் படுக்கையை விட்டு எழவில்லை. சவரம் இல்லை, பேச்சு இல்லை, பெருமாள் அலமாரியைத் திறக்கவில்லை. ஒரு நாள் பாத்ரூம் போக எழுந்தவர் கிணற்றடியில் நின்றுவிட்டார். "யாரும் தளிகை பண்ணலை, சாத வாசனை வரது பாரு. பெருமாளே பண்ணிக்கறார்." மறுநாளிலிருந்து குளித்துவிட்டுப் பெருமாளுக்குத் தானே திருவாராதனம். ஆள் திரும்பி வந்தார்.

அதை எப்படிச் சொல்வது?

அக்டோபர் 30, வியாழன்

ரத்தத்தில் கிரியாட்டினின் இன்னும் ஏறுகிறது, கிட்னி வேலை செய்யவில்லை. அம்மாவின் முகம் ஊதி, வேறு யாரோ போல. பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன். குறையவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார், கையில் துணி சுற்றிய சின்ன வெள்ளிச் செம்பு.

"தீர்த்தம். ஒரு துளி நாக்குல விட்டாப் போறும்."

"உள்ள விடமாட்டாப்பா."

"நீயும் ஒரு மாதிரி டாக்டர்தானே, நீயே குடுத்துடு." என் கையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி வெளியே உட்கார்ந்துவிட்டார்.

வாஷ்பேசின் வரை போனேன். கொட்ட வரவில்லை. ஊர் பேர் தெரியாத கால்வாயில் போய்ச் சேருமே, யார் யாரோ மிதிப்பார்களே. செடித்தொட்டி தேடினேன். பிளாஸ்டிக் செடி. அப்பா எட்டிப் பார்க்கிறார். கை தானாகக் குவிந்தது. குடித்துவிட்டேன். பச்சைக் கற்பூரம், ஏலக்காய், இன்னும் என்னென்னவோ. மிச்ச ஈரத்தைத் தலையில் வேறு தடவிக்கொண்டேன்.

அதே கிணற்றுத் தண்ணீர்தானே; கீழே மெடிக்கலில் எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் வாங்கினேன்.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து தீர்த்தம் குடித்ததைச் சொன்னேன். "நீயெல்லாம் படிச்சவளாப்பா?"

"படிச்சதாலதான் மாத்திரை வாங்கினேன்."

அப்புறம் சொன்னாள்: "எங்க சர்ச்சுல ஒரே கிண்ணத்துல குடிப்பாங்க. நானும் துடைச்சுட்டுக் குடிக்கிறவதான். அம்மாவுக்காக மெழுகுவத்தி ஏத்தறேன்."

நவம்பர் 2, ஞாயிறு

சிறுநீர் பிரிகிறது. தெளிந்த நிறம். டயாலிசிஸ் வேண்டாம் என்றார் டாக்டர். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் பெருக்குகிற பெண் ஒதுங்கிப் போனார்: "உக்காருங்க, அப்புறம் பெருக்கிக்கறேன்."

லேப் முடிவும் வந்தது. தண்ணீரிலும் எச்சத்திலும் அதே கிருமி. அப்பாவிடம் தண்ணீரைப் பற்றி மட்டும் சொன்னேன்: பரணில் மரநாய், மழை, ஓடு, கிணறு. வாசனையைச் சொல்லவில்லை.

அப்பா: "நான் தினம் குடுத்த தீர்த்தத்தாலயா?"

"கால் வெடிப்பு வழியாத்தான் இருக்கணும்ப்பா. நீங்களும்தான் தினம் குடிக்கறேள்." உண்மைதான். முழு உண்மையா என்று எனக்கும் தெரியாது.

"பெருமாளுக்குப் பாலைக் காய்ச்சித்தானே வெக்கறோம். ஜலத்தையும் காய்ச்சுவோம். ஆறினப்பறம் ஏலக்காய் போட்டாப் போச்சு." மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். நான் மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் வீண்.

நவம்பர் 6, வியாழன்

ஆள் வைத்துத் தாழ்வாரத்தைக் கழுவியாயிற்று. நான் கையுறை, பூட்ஸ், மூக்குத்துணி. எதிர்வீட்டு மாமி: "சந்திரனுக்குப் போறயா?" கிணற்றுக்குக் கம்பி வலை, மேலே தகரம். பிளீச்சிங் பவுடர். பரண் ஓட்டையில் அது வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் பலகை அடித்தோம். ஒரு கிளீனிங் ஏஜென்சி, பிடித்துக் காட்டில் விடுகிறோம் என்றது. வேண்டாம் என்றேன். அதன்மேல் என்ன கோபம் எனக்கு?

நவம்பர் 8, சனி

வெயில், வெகுநாளைக்கு அப்புறம். அம்மா நாளை வீட்டுக்கு.

அப்பா காலை எட்டு மணி வரை எழவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போனார், நின்றார், திரும்பினார். "பிளீச்சிங் நாத்தம்" என்றார். பிறகு, "வாசனை வரதில்லை." காபியை ஆறவிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் இல்லை. அந்த வருஷத்து முகம்.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா வந்துவிட்டாள். மெலிந்து பாதி ஆகியிருக்கிறாள். படுக்கையில் காலை நீட்டிக் களிம்பு போட்டுவிட்டேன். அப்பா கடைக்குப் போயிருந்தார். சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்: அம்மா, அந்த வாசனை இருக்கே, அது பெருமாளோட...

"மரநாய்தானேடி."

களிம்பு டியூபோடு நின்றேன்.

"உங்கப்பா படுத்துக் கிடந்தாரே, அப்பவே பாத்தேன். கிணத்துச் சொவத்துல ஒக்காந்திண்டிருந்தது. அது வந்த அன்னிக்கு வாசனை வரும், வராத அன்னிக்கு இல்லை. இவர் வாசனை வந்தா எழுந்துக்கறார். அதான் தினம் சாயங்காலம் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணின பழத்தை அங்க வெச்சேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"நீ பிடிச்சிண்டு போய்க் கிட்னியை எடுத்துட்டா?"

சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவளுடைய பழம்தான் அதைத் தினமும் கிணற்றடிக்குக் கூப்பிட்டது. அவள் உயிரே போயிருக்கும். அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். காலை இழுத்துப் புடவையால் மூடிக்கொண்டாள்.

"சரி, நான் பண்ணினது தப்பு. உங்கப்பா நேத்திக்கு எத்தனை மணிக்கு எழுந்தார்?"

களிம்பு டியூபை மூடினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

லேப்பிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கொல்லைப் பின்சுவரை இரண்டு தடவை பார்த்தேன். கிணற்றிலிருந்து நல்ல தூரம். சரிவு அந்தப் பக்கம், காலி மனை, ஆமணக்குப் புதர், யாரும் நடப்பதில்லை. மழை பெய்தாலும் ஒரு சொட்டு இந்தப் பக்கம் வராது. காற்றும் வாசனையும் மட்டும் வரும். ஸ்டெல்லாவிடம் கேட்கவில்லை, என்ன சொல்வாள் என்று தெரியும்.

அப்பா உள்ளே. இன்றும் சவரம் இல்லை.

பெருமாள் தட்டிலிருந்து ஒரு பூவம் வாழைப்பழம் எடுத்தேன். அம்மா படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டா வை" என்றாள்.

கையுறை போட்டுக்கொண்டுதான் பின்சுவரில் வைத்தேன்.