மதினி சொன்னது சொன்னபடி

போடிநாயக்கனூர்
2.6.2025

அன்புள்ள கொழுந்தன் முத்துக்கண்ணனுக்கு,

மதினி அன்னக்கொடி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்கு மட்டும் மழைக்கு முன்னாலேயே முட்டுவலி வந்துவிட்டது. போனில் பேசினால் நீ இரண்டு வார்த்தைக்கு ஒரு "சரி மதினி" போட்டு வைத்துவிடுவாய். கடிதமென்றால் நான் முடிக்கும்வரை கேட்டுத்தானே ஆக வேண்டும்.

கோயம்புத்தூரில் மகன் வீட்டில் கொஞ்சநாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சித்திரையில் போனாய். இப்போது ஆள் வராமல் பார்சல் வருகிறது. ஒரு லேப்டாப்பு, அதற்குள் புரோகிராம் எழுதித் தருகிற ஏஐ, மேலே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "மதினி, நீங்கள் சொன்னால் இது அடிக்கும். நான் செய்த வேலையும் அதுதானே."

இதற்கு என்ன அர்த்தம்? ஜீப்பு ஸ்டாண்டில் கங்காணி பாண்டித்துரை முன்னால் நான் சொன்ன ஒரு சொல்லுக்கா இத்தனை ரோஷம்? "மூளை என்னுது, இவன் வெறும் விரலு" என்றேன். பொய்யா? இருபது வருஷமாக நான் நடந்துகொண்டே சொல்கிறேன், நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடிக்கிறாய். எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காமல், ஒரே ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்தைக் கிழியக் கிழியப் படித்து நானாகக் கற்றுக்கொண்டவள் நான். எந்தப் பெண் எந்த ஜீப்பில் ஏறி எந்த ஏலத்தோட்டத்துக்குப் போவது என்று தினமும் விடியுமுன் பிரித்துக் கொடுக்கிற புரோகிராம் என்னுடையது. அதைச் சொன்னால் கோபமா?

அதையே செல்போனில் வருகிற மாதிரி புதிதாக எழுதிக் கேட்கிறார் பாண்டித்துரை. ஆடியில் காய் எடுப்பு சூடு பிடிக்கும், அதற்குள் வேண்டுமாம். உன் மிஷினை நான் தொடப்போவதில்லை. நீ வந்து உட்கார்.

உன் மதினி,
அன்னக்கொடி

~

கோயம்புத்தூர்
7.6.2025

மதிப்பிற்குரிய மதினிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மகனும் மருமகளும் படித்துச் சிரித்தார்கள். வீரணன் அண்ணனுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வரும்போது கொடுத்து விடுகிறேன்.

எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இறங்கிவிட்டது. இங்கே மகன் ஆபீசில் யாரும் கையால் அடிப்பதே குறைந்துவிட்டது. வேண்டியதைச் சொல்கிறார்கள், அது எழுதுகிறது, எழுதியதைப் படித்துப் பார்க்கிறார்கள். "அப்பா, அடிக்கிற சோலி போச்சு" என்கிறான். என் சோலியே அதுதானே மதினி? நான் வந்து அந்த நாற்காலியில் எதற்கு உட்கார? இங்கே காலையில் நடை, சாயங்காலம் நடை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

மிஷினைத் தொட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
முத்துக்கண்ணன்

~

போடிநாயக்கனூர்
20.6.2025

முத்துக்கண்ணனுக்கு,

லேப்டாப்பைத் திறந்தது உன் அண்ணன். நான் இல்லை. "பேசித்தேன் பாரேன், கடிக்கவா போகுது?" என்றார். திட்டுவதற்காவது பேசுவோமென்று பேசினேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே, உன்னிடம் எப்படிச் சொல்வேனோ அதே மாதிரி, அதே வார்த்தையில் ஒவ்வொரு விதியாகச் சொன்னேன். தமிழிலேயே வாங்கிக்கொண்டது. நீயும் நானும் ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டிய இடத்தை, நான் காப்பியை ஆற்றுவதற்குள் முடித்துக் காட்டியது. தப்பென்றால் முகத்தைத் தூக்காமல் திருத்துகிறது. தும்முவதில்லை. நடுவில் வடை கேட்பதில்லை.

ஒரே குறை, கேள்வி. எதைச் சொன்னாலும் "இப்படியா, அப்படியா, உறுதியா?" என்று கேட்கிறது. "சொன்னதச் செய்யி" என்று ஒரு அதட்டு அதட்டினேன். செய்துவிட்டது. நீ ஒருநாளும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. உன்னைப் பற்றிப் பெருமையாக எழுத எனக்கு அந்த ஒன்றுதான் கிடைத்தது.

ஆகவே நீ வரவேண்டியதில்லை. நன்றாக நடந்துகொண்டிரு.

அன்னக்கொடி

~

போடிநாயக்கனூர்
4.7.2025

முத்துக்கண்ணனுக்கு,

சிரிக்காமல் படி.

இன்று வெள்ளோட்டம். விடியற்காலையில் புதுப் புரோகிராம் ஒவ்வொரு டிரைவர் போனுக்கும் ஆள் பட்டியலை அனுப்பியது. முதலில் கத்தினவன் மாரீஸ்வரன். "ஆத்தா, என் ஜீப்புக்கு ஒரே ஒரு ஆளுதேன் போட்ருக்கு!" யாரென்று பார்த்தால் பெரியம்மாள். அவள் முன் சீட்டில் ஏறி, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, "இன்னைக்கு நாந்தேன் எஸ்டேட்டு மொதலாளி. வண்டிய எடுப்பா, வெரசா!" என்கிறாள். மற்ற ஜீப்புகளிலும் மூன்று பேர், நான்கு பேர். மிச்சப் பெண்களெல்லாம் தூக்குவாளியோடு ரோட்டில் நிற்கிறார்கள். பாண்டித்துரை என்னைப் பார்த்து, "போடியில உள்ள அம்புட்டு ஜீப்பும் பத்தாது போலயே அன்னக்கொடி. கம்பத்துல போயி கொண்டாரவா?" என்றார். கடைசியில் பழைய புரோகிராமை ஓட்டித்தான் ஆட்களை மலையேற்றினோம்.

வீட்டுக்கு வந்து மிஷினைக் கேட்டேன். நான் சொன்ன விதியை எனக்கே எடுத்துக் காட்டியது. "சம்பந்தி வீட்டார் ஒரே ஜீப்பில் ஏறக் கூடாது." நான் சொன்னதுதான். முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு மேலே விழுந்து, சம்பந்திகள் மலையேறுவது நம் பக்கத்தில் மரியாதை இல்லை. ஆனால் அத்தை மகளும் மாமன் மகனுமாகக் கட்டிக்கொண்ட ஊரில், யார் யாருக்குச் சம்பந்தி வீடு இல்லை? அதிலும் பெரியம்மாளுக்கு ஐந்து மகள்கள். "வீட்டார் என்றால் எல்லோருமா? அப்படியானால் ஜீப்பு போதாமல் போகலாம்" என்று அது அன்றைக்கே கேட்டிருக்கிறது. அதட்டினது நான்.

இதே வார்த்தையைத்தானே அந்தக் காலத்தில் உன்னிடமும் சொன்னேன்? அப்புறம் பழைய புரோகிராம் மட்டும் எப்படி ஓடியது? உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். நீ நான் சொன்னதை அடிக்கவே இல்லை! பையனைப் பெற்றவளும் பெண்ணைப் பெற்றவளும் மட்டும் சேரக் கூடாது, அதுவும் கல்யாணமாகி ஒரு வருஷம் வரைக்கும்தான் என்று அடித்து வைத்திருக்கிறாய். அதோடு விட்டாயா? மழை பெய்தால் ஜீப்பு ஏறாது என்று நான் சொன்னால், மழை பெய்தால் கங்காணியைக் கேட்டுக்கொள் என்று அடித்திருக்கிறாய். இன்னும் எத்தனையோ.

என் புரோகிராமில் என்னைக் கேட்காமல் கைவைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? பதில் வந்தாக வேண்டும்.

அன்னக்கொடி

~

கோயம்புத்தூர்
7.7.2025

மதினிக்கு,

சிரித்துவிட்டேன். பெரியம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்ததை நினைத்து, நடக்கும்போது தனியாகச் சிரித்ததில் எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

உரிமை யாரும் கொடுக்கவில்லை. நீங்கள் ஒரு விதி சொன்னால், அடிக்கும்போதே அதில் மாட்டப்போகிற ஒவ்வொருத்தி முகமும் எனக்குத் தெரியும். கேட்கலாமென்று வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அடுத்த விதிக்குப் போயிருப்பீர்கள். அதனால் "சரி மதினி" என்றேன். நீங்கள் சொன்னதை விட்டுவிட்டு, சொல்ல நினைத்தது எதுவோ அதை அடித்தேன். மறுநாள் ஜீப்புகள் ஒழுங்காக ஏறும். "பாத்தியா, நான் சொன்னபடியே ஓடுது" என்பீர்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த ஒரு சொல் வரும்வரை.

இதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன் மதினி.

முத்துக்கண்ணன்

~

போடிநாயக்கனூர்
9.7.2025

அன்புள்ள முத்துக்கண்ணனுக்கு,

நீ கேட்காவிட்டால் நானும் கேட்கப் போவதில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் நேற்று ஜீப்பு ஸ்டாண்டில், எல்லா டிரைவர்களும் இருக்கும்போது, பாண்டித்துரையிடம் வேறொரு சொல் சொன்னேன். அது என்னவென்று அவரிடமே கேட்டுக்கொள். உன் அண்ணன் கேட்டுவிட்டு, "அன்னக்கொடி, காய்ச்சலா?" என்றார்.

மிஷினைத் திருப்பி அனுப்பமாட்டேன். அது நன்றாகவே அடிக்கிறது, எனக்கு அதைப் பிடித்துவிட்டது. நான் சொல்வேன், அது எழுதும். இரண்டு பேரும் சேர்ந்து அரை நாளில் ஊரையே ரோட்டில் நிறுத்திவிடுவோம் என்று தெரிந்துபோயிற்று. அதனால் அது எழுதியதை நீ படி. இத்தனை காலம் முதுகுக்குப் பின்னால் செய்ததை இனி முகத்துக்கு நேராகச் செய். "மதினி, நீங்க சொன்னது தப்பு" என்று வாய்விட்டுச் சொல். கத்துவேன். கத்தி முடிக்கும்வரை நில். நாற்காலி அதற்குத்தான்.

சம்பந்தி விதியைத் திருத்திவிட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடி சரியாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை புதுப் புரோகிராம்படி ஜீப்புகள் ஏறுகின்றன. அன்றைக்கு வந்து சேர்.

உன் மதினி,
அன்னக்கொடி

~

கோயம்புத்தூர்
11.7.2025

அன்பு மதினிக்கு,

இதைப் போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

மதினி, நீங்கள் சொன்னது தப்பு. திங்கட்கிழமை ஜீப்புகள் ஏறினபிறகு வந்து நான் எதைப் படிக்க? நாளைக்குச் சனிக்கிழமை காலை பஸ்சுக்கே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படிக்க வேண்டும்.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் கத்தி முடித்திருப்பீர்கள்.

முத்துக்கண்ணன்