நாலாவது கிணறு வரை ஒரு வெள்ளைக் கோடு

இன்று காலை ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ப்ளீச்சிங் பவுடர் வாடை. மந்திரி வருகிறாராம். சாலையின் இரு ஓரமும் வெள்ளைக் கோடு. அவர் கார் நிற்கும் இடத்தோடு கோடும் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால்தான் சாக்கடை. அந்த வாடைக்குள்ளிருந்து, மலைமேகம் இறங்குவதுபோல, பாதி உருவமாக நீ நடந்து வந்தாய். கையில் டப்பா.

அப்போது நாம் இருவரும் கிராம சுகாதார நர்சுகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து நாள் பயிற்சி. ஊர் மக்களைக் கூட்டிச் சுகாதாரம் பேசுவது எப்படி என்று வகுப்பெடுத்தார்கள். ஜன்னலில் கோபுரம் வெயிலில் மிதக்கும். நீ கண்ணைத் திறந்தபடியே தூங்குவாய். "ஏட்டி, சனத்த எழுப்பச் சொல்லி நம்மளத் தூங்க வைக்காக" என்பாய்.

ஒன்பதாம் நாள் வன்னியம்பட்டி தாண்டி ஓர் ஊருக்கு ஜீப்பில் போனோம். அங்கே வயிற்றுப்போக்கு பரவியிருந்தது. பெண்களே கோலமாவால் தங்கள் ஊரைத் தரையில் வரைய வேண்டும். அதில் இருக்கும் கிணறுகளுக்கு அன்றே மருந்து போடப்படும். இடம் பார்த்தவள் நான். கோயில் வாசல், நல்ல நிழல். காலனிப் பெண்கள் அங்கே கால் வைக்க முடியாது என்பது, எதற்கெடுத்தாலும் நியாயம் பேசும் எனக்குத் தோன்றவேயில்லை.

மூன்று கிணறுகளோடு கோலம் முடிந்தது. கூட வந்த அதிகாரி போட்டோ எடுத்தார். தூரத்தில் ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டு நின்றாள். அதன் தலை துவண்டு தொங்கியது. நீதான் அவளிடம் போனாய்.

"எங்க கெணறு அதுல இருக்கா தாயி?"

"வந்து பாரேன்."

"நாங்க அங்கிட்டு வரக் கூடாதுல்லா."

நீ திரும்பி வந்து என்னிடம் சொன்னாய்: "ஏட்டி, எம்புட்டு அழகா இருக்கு. பாதி ஊரத்தான் காணோம்."

கோலமாவு தீர்ந்திருந்தது. ப்ளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்து டப்பாவில் அள்ளினாய். கோலத்தின் ஓரத்திலிருந்து கோடு இழுத்தபடி நடந்தாய்.

"சிஸ்டர், அது மருந்து. வீணாக்காதீங்க."

"மருந்துக்கு வழி காட்டுதேன் சார்."

பலசரக்குக் கடை தாண்டி, ஓடை தாண்டி, கானலில் நீ கரைந்துபோய், கோடு மட்டும் தானாக நடப்பதுபோல் இருந்தது. பின்னால் நான், எனக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள். கடைசியில் அதிகாரியே இன்னொரு மூட்டையைத் தூக்கிவரச் செய்தார். நாலாவது கிணற்றில் நீ மருந்தைக் கரைத்து ஊற்றினாய். தண்ணீருக்குள் ஒரு மேகம் மெல்ல விரிந்தது. நான் கிணற்றடியில் உட்கார்ந்து, காய்ச்சி ஆறிய நீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, அந்தப் பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். சாயங்காலம் அது குரலெடுத்து அழுதது.

பயிற்சி முடிவில் முதல் பரிசு, நான் இடம் பார்த்துப் போடவைத்த கோலத்துக்கு. அந்தப் போட்டோவில் மூன்று கிணறுதான். நான் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். நீ கைதட்டினாய். அந்தச் சத்தம் எனக்குள் இன்னும் அடங்கவில்லை.

போன ஆடியில் நீ கண்ணை மூடிவிட்டாய். இப்போது பயிற்சி கொடுப்பவள் நான். கோலமாவைத் தொடுமுன் ஒன்றைக் கேட்கிறேன்: "இங்க வரக் கூடாதவ யாரு? அவ வாசல்ல போய் உக்காருவோம்." பாதிப்பேர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

இன்று கோடு போட்டவரின் டப்பாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் திரும்பினேன்.

"எங்கம்மா போறீக? அங்கிட்டு மந்திரி வரமாட்டாரே."

"அதான் போறேன்."