வரிசையில் விட்டுவைத்த இடம்

பாபேலில் இருக்கும் மகன் சக்கூருக்கு, எருசலேமிலிருந்து உன் அம்மா எப்சிபாள் சொல்லி எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு மில்காளின் கணவர் எழுதுகிறார்.

அப்பா போய்விட்டார், சக்கூர். காய்ச்சல். வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எரிந்த ஆலயத்துக்கு மறுபடி அஸ்திவாரம் போடுகிற நாளுக்கு இரண்டு நாள் முன்பு இறந்தார். அந்த நாளில் பாடகர் வரிசையில் நிற்கத்தானே அவ்வளவு தூரம் நடந்து வந்தார். வெண்கலத் தாளத்தைத் தேய்த்துத் தேய்த்து, முற்றத்தில் தட்டிக்கொண்டே இருப்பார். மில்காள், "அண்ணே, அங்க கல்லு வைக்கிறதுக்குள்ள எங்க சுவரு விழுந்துடும்" என்று கத்துவாள்.

முற்றத்தில் காற்றாடப் படுத்திருந்தபோதே உயிர் போயிற்று. பிணத்தைத் தொட்டவர்களுக்கு ஏழு நாள் தீட்டு, ஆலய மேட்டில் ஏற முடியாது. மில்காள் சொன்னாள்: "நீங்க தொடாதீங்க அக்கா. நாங்க குளிப்பாட்டறோம். நீங்க போய் அவருக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க." நல்ல மனசு, தொட்டிருந்தால் அவளும் போக முடியாமல் ஆகியிருக்குமே. ஆனால் அவர் தலைக்கு இத்தனை வருஷம் எண்ணெய் தேய்த்த கை இது. நானே குளிப்பாட்டினேன்.

அதனால் அன்றைக்கு மேட்டுக்குக் கீழே தள்ளி நின்றேன். எரிவதற்கு முன் பழைய ஆலயத்தைப் பார்த்த கிழவர்கள் ஓவென்று அழுதார்களாம், இளசுகள் ஆர்ப்பரித்தார்களாம். என் காதுக்கு எல்லாம் ஒரே சத்தம். எனக்கும் அது வசதியாகப் போயிற்று, வாய்விட்டு அழுதேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பாடகர் தலைவர் அசபியா பிறகு வந்தார். "மத்தனியா அண்ணன் நின்னுருக்க வேண்டிய இடத்துல யாரையும் நிறுத்தல, காலியாவே விட்டுட்டோம். அது அவர் மகனோட இடம். கூடாரப் பண்டிகை வரைக்கும் பாக்கறோம். அப்புறம் வேற வீட்டாருக்குக் குடுத்துடணும்" என்றார். மகனுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

நாங்கள் புறப்பட்ட அன்று கால்வாய்க் கரையில், "அந்த இடிஞ்சு கெடக்கற ஊருக்குப் போய் நரிக்குப் பாடப்போறீங்களா?" என்று கேட்டாய். அப்பா உன்னை ஆசீர்வதிக்காமலே நடந்தார். இங்கே வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் நரி ஊளையிட்டது. "உம் புள்ள பொய் சொல்லலடி, பாட்டுக் கேக்க ஆளு வந்தாச்சு" என்று சிரித்தார். அன்றோடு அவர் கோபம் தீர்ந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்தபோது, "எங்குரல விட அவங்குரல் சுத்தம். அவங்கிட்ட சொல்லிடாத, தலைக்கனம் ஏறிடும்" என்றார். நான் சொல்லிவிட்டேன்.

வா என்று கட்டாயப்படுத்தமாட்டேன். அங்கே உனக்குக் கடை இருக்கிறது, மருமகள் வேறு பிள்ளைத்தாய்ச்சி. வருவதானால் ஆற்றோரமாகவே வா, பாலைவனக் குறுக்குவழி வேண்டாம். வராவிட்டாலும் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு, சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழு. அக்கம்பக்கத்தார் அப்பம் கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிச் சாப்பிடு.

நீ எந்த ஊரில் படுத்தாலும் நம் தேவன் உன் வாசலில் இருக்கட்டும். நான் இங்கேதான் இருக்கிறேன்.

உன் அம்மா,
எப்சிபாள்