உன் பங்கு முட்டை

அன்பு மகள் யாகோதாவுக்கு,

சனோக்கிலிருந்து அப்பா எழுதுவது. முழங்கால் வலியை விட்டுவிட்டால் இங்கே நான் நலம், பெர்கன் மழையில் நீயும் அந்த வறட்டு இருமல் விட்டு நலமாக இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசினால் இருவரும் மழை வெயிலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன். "அம்மா இல்லாத மேசையில என்னால உக்கார முடியாதுப்பா, ஈஸ்டருக்கு மட்டுமில்ல, இனிமே அந்த வீட்டுக்கே வர முடியும்னு தோணல" என்று நீ சொன்னபோது சரி சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது சரியாகவே இல்லை. அன்றிலிருந்து அதையேதான் மென்றுகொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன் தீமோனும் லேசுப்பட்டவன் இல்லை, "ஆத்தங்கரை ஹோட்டல்ல மேசை சொல்லிடறேன்ப்பா, யாருக்கும் வேலையில்ல" என்று வந்து நின்றான். இந்த வருடம் இந்த வீட்டில் மேசை போடாவிட்டால் இனி என்றைக்குமே போடமாட்டோம், ஓட்டலில் தின்றுவிட்டு அவரவர் காரில் ஏறிப் போய்க்கொண்டே இருப்பீர்கள் என்று சத்தம் போட்டேன். சபீனா கெட்டிக்காரி, மாமனாருக்கும் புருஷனுக்கும் நடுவில் புகுந்து, "மாமா, விடியக்காலையில யாரும் எழுந்திரிக்க வேண்டாம், நாங்க மெதுவா பதினோரு மணிக்கு மேல வர்றோம், காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒண்ணாப் போட்டுடலாம், ஆளுக்கு ஒண்ணு செஞ்சு கொண்டாந்துடறோம்" என்றாள். உன் அம்மா கேட்டிருந்தால் அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள், நான் ஒத்துக்கொண்டேன். என் பங்குக்குச் சனிக்கிழமை ஆசீர்வாதம் வாங்கக் கோவிலுக்குக் கூடை கொண்டுபோனேன், முட்டை, ரொட்டி, உப்பு, சாஸேஜ் எல்லாம் வைத்தேன், வெண்ணெயில் ஆட்டுக்குட்டியும் நானேதான் செதுக்கினேன். வரிசையில் நிற்கும் பெண்கள் அடுத்தவர் கூடையை எட்டிப் பார்க்காமல் இருப்பார்களா, உன் அத்தை புரோன்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏண்ணே, இது ஆட்டுக்குட்டியா பன்னிக்குட்டியா? தீர்த்தம் தெளிக்கிறப்ப சாமியாரு கண்ண மூடிக்கிட்டாரு பாரு" என்றாள். அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன், சபீனா வீட்டுச் செருப்போடும் வாராத தலையோடும் வந்து இறங்கினாள், எனக்கு அதுவே பிடித்திருந்தது. புளித்த மாவுச் சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் ஆசீர்வதித்த முட்டையைப் பங்கு போட்டு வாழ்த்துச் சொல்லாமல் யார் வாயில் என்ன போகும்? எப்போதும் அம்மா வெட்டிக்கொடுக்கும் முட்டையை இந்த வருடம் நான் வெட்டினேன். தீமோன் புதுக் கார் கதை சொல்லிக்கொண்டிருந்தான், கேட்டுக்கொண்டே வெட்டித் தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டினேன். சபீனாவுக்கு நல்ல வேலை கிடைக்க வாழ்த்தினேன், புரோன்கா "வாழ்த்து கெடக்கட்டும்ணே, மொதல்ல அந்த முழங்கால டாக்டர்ட்ட காட்டு" என்றாள். என் துண்டை எடுத்துக்கொண்டு பார்க்கிறேன், தட்டில் இன்னும் இரண்டு துண்டு கிடக்கிறது. அம்மாவுக்கும் உனக்கும் சேர்த்தே கை வெட்டிவிட்டது. ஆசீர்வதித்ததைக் குப்பையில் போட முடியாது, நாய்க்கும் வைக்க முடியாது. கடைசியில் புரோன்காதான், "ஹெலனா அண்ணி பங்க அவ வச்ச செடிக்கடியில புதைச்சுடுண்ணே, பொண்ணு பங்க எடுத்து வை" என்றாள். தீமோன் நல்ல காற்சட்டையோடு மண்ணில் முட்டி போட்டுத் தோண்டினான். பிறகு எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள், என் ஆட்டுக்குட்டியின் தலையைத் தீமோன் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டான்.

வெயில் சாய்வதற்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சிய சூப்பை நானே நாள்தோறும் சூடு பண்ணிக் குடித்தேன், ஒரு ஆளுக்கு ஒரு பானை எப்போது தீரும். பாலெடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் சின்னத் தட்டில் உன் துண்டு இருந்தது, மஞ்சள் கறுத்துக்கொண்டே வந்தது. புதன்கிழமை இனித் தாங்காது என்று தெரிந்தது. வாழ்த்துச் சொல்லாமல் சாப்பிடக்கூடாதே, அதனால் குளிர்பெட்டிக் கதவுக்கு முன்னால் நின்றபடியே, "யாகோதா, உடம்பு நல்லா இருக்கணும், மனசுக்குப் பிடிச்ச ஆள் அமையணும், வீட்டுக்கு வரணும்" என்று சத்தமாகச் சொல்லி உன் பங்கை நான் சாப்பிட்டேன். அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. என்னால் தனியாக இருக்க முடியவில்லை மகளே. அம்மா இல்லாத மேசையில் உட்கார முடியாது என்கிறாய், நான் அதில் தினம் மூன்று வேளை உட்காருகிறேன்.

கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே, இருமலுக்கு வெறும் தேனை நம்பிக்கொண்டிருக்காதே. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், அம்மாவின் ஆசியும் உனக்கு உண்டு. இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கும், பிரித்துக் கொட்டிவிடாதே, கூடையில் வைத்து ஆசீர்வதித்த உப்பு அது. முட்டைதான் உனக்காகக் காத்திருக்கவில்லை, உப்பு கெடாது. ஒரு முட்டையை வேக வைத்து இரண்டாக வெட்டு, இந்த உப்பைத் தொட்டு ஒன்றை நீ சாப்பிடு. மற்றது என் பங்கு. அதை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். அப்போது டிக்கெட் எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
லுத்விக்