ரேணுகாவுக்குப் பூ

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
8.6.2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகள் ஏஞ்சலுக்கு,

அம்மா எழுதுவது. நலம். டவரே இல்லாத மலையில் நர்ஸாகப் போய் உட்கார்ந்துகொண்டாய், கடுதாசி எழுதி எழுதி எனக்குக் கைவலி. ஆறு மாதம் என்றுதானே போனாய்? இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. வருகிறாயா, இல்லையா? மழுப்பாமல் எழுது.

அம்மா
எஸ்தர்

ஒடிசா
22.6.2024

அன்புள்ள அம்மாவுக்குத் தோத்திரம்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். பிரசவ வலியோடு மலையிறங்க முடியாத பெண்கள் இங்கே நிறைய. எனக்கு இருக்கத்தான் ஆசை. ஆனால் நீ வா என்றால் வந்துவிடுவேன்.

ஒரு உதவி செய்மா. பக்கத்து வீட்டு ரேணுகாம்மாவுக்குத் தறியில் உட்கார்ந்து தோள் இறுகிவிட்டது, கை தலைக்கு எட்டாது. நீ விடியற்கால ஜெபத்துக்குப் போனதும் நான் போய்ப் பின்னிவிடுவேன். வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொண்டு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவது அவங்களுக்கு உயிர். கொஞ்சம் போய்ப் பாரேன்.

ஏஞ்சல்

காஞ்சிபுரம்
16.7.2024

பிரியமான மகளே,

நல்ல வேலை கொடுத்தாய் போ! நம் சபையில் யாராவது பூ வைப்பார்களா? எனக்கு என்ன தெரியும்? போன வெள்ளி கதவைத் தட்டினேன். "நீங்க எதுக்குமா? எங்க வூட்டுக்காரரு வாரிவுட்டுக்கினுதான் இருக்குறாரு" என்று ரேணுகா கூச்சப்பட்டாள். முனிரத்தினம் வாரிய லட்சணம், வைக்கோல்போர் தோற்றது. சிக்கெடுத்துப் பின்னினேன். பூச்சரத்தைத்தான் சடை நுனியில் வால் மாதிரி கட்டித் தொங்கவிட்டேன். அப்படியே கோயிலுக்குப் போய்வந்தாள்! "கேட்டவங்களுக்கெல்லாம் புது பேஷன்னு சொல்ட்டேன்மா" என்று ஒரே சிரிப்பு.

நேற்று பூக்கடைக்காரியிடம் பூ வைக்கக் கற்றுக்கொண்டேன். சபை அன்னம்மாள் பார்த்துவிட்டாள். "என்னா சிஸ்டர், பூவெல்லாம்?" என்றாள். "பக்கத்து வூட்டு அம்மாவுக்குமா" என்றேன். முகம் கோணிற்று. கோணட்டுமே.

அம்மா

ஒடிசா
27.7.2024

அம்மா, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. இங்கே பதில் கேட்கிறார்கள். ஊருக்கு டிக்கெட் எடுக்கட்டுமா?

ஏஞ்சல்

காஞ்சிபுரம்
6.8.2024

என் தங்கமே,

எடுக்காதே.

நேற்று பின்னும்போது, "உனக்கு எம் பொண்ணு ஏசுவப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாளா?" என்று ரேணுகாவிடம் கேட்டேன். "அதெல்லாம் பேசாதுமா. ஜுரத்தோடகூட வரும். வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டுக்கினே வாரும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டவள் நான். செய்தவள் நீ. பெருமையாக இருக்கிறதடி.

ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மலையிலும் வலிக்கிறதா என்று கேட்க ஒருத்தி வேண்டும். நீ இரு.

உன் அம்மா
எஸ்தர்