சீமோன் வீட்டு அடுப்படியிலிருந்து

பிரெஞ்சில் ஜெபித்து, தமிழில் திட்டிய என் பிரியமுள்ள அத்தைக்கு,

உங்கள் முதலாண்டு நினைவுப் பூசை நல்லபடியாக முடிந்தது. சாமியார் உங்கள் பெயரைப் பிழையில்லாமல் வாசித்தார். உங்களுக்குப் பிடித்த அந்த ஓர பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். நான் பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன். உங்கள் பிள்ளை முழங்கையால் இடித்து எழுப்பினார். நீங்களாக இருந்தால் கிள்ளியிருப்பீர்கள்.

களைப்பாக இருக்கிறது அத்தை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். டிசம்பர் மழை விட்டதும் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, மூட்டுவலி போகவில்லை. காலையில் பல் துலக்கப் போனால் பிரஷ்ஷைப் பிடிக்க விரல் மடங்கமாட்டேன் என்கிறது. அப்படியே தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். உங்களைப் பார்த்துக்கொள்வதற்காக விட்டேனே, அதே அட்டைப்பெட்டிக் கம்பெனி, அதே கணக்கு மேசை. என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஜெபமும் வரவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் மணியைத் தவறவிட்டு, மறுநாள் சமையலுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அடக்கத்தன்று எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் இனி உனக்கு இளைப்பாறுதல் தருவார் என்றார்கள். ஒரு வருஷமாகக் காத்திருக்கிறேன். அது எந்த வழியாக வரும் அத்தை? வாசல் வழியாகவா, கொல்லை வழியாகவா?

வந்தது வேறு. உங்கள் தம்பி ஆல்பேர் மாமா கருவடிக்குப்பம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் துணையில்லாமல் நடக்க முடியவில்லை. சர்க்கரை வியாதி வேறு, காலில் புண். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதருக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் மகள் தெரேஸ் அண்ணி பிரான்ஸிலிருந்து போனில் அழுதார். உங்கள் பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ‘பார்ப்போம்’ என்றேன். நான் சொன்ன பார்ப்போம், போனில் பிரான்ஸ் போய்ச் சேர்வதற்குள் ‘சரி’ ஆகிவிட்டது.

பூசைக்கு அண்ணி நேரில் வந்தபோது உங்கள் அறையை அளந்து பார்த்தார். கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினால் சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கும் என்று தள்ளியும் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. மாமா மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் ஒரு வாரத்தில் விமானம் ஏற வேண்டியவர். மறுபடி வேலையை விட வேண்டியவள் நான்.

இந்த நேரம் பார்த்து நம் அன்பியம் நம் வீட்டு முறைக்கு வந்தது. தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, வரப்போகிற ஞாயிறு நற்செய்தியை முன்கூட்டி வாசித்துப் பேசுகிற அந்தக் கூட்டத்துக்கு நீங்கள்தானே ராணி! காலமே இல்லாத காலத்தில் பழம் தேடிவிட்டு இயேசு அத்திமரத்தைச் சபிப்பானேன் என்று கேட்டு சாமியாருக்கே வேர்க்க வைத்தவர் நீங்கள். ஜன்னலோரம் உங்கள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் போடும் சத்தம் அடுப்படிவரைக்கும் கேட்கும்.

அடுப்படியில்தான் நான் இருப்பேன். வாசகம் முடிந்து எல்லோரும் பேச ஆரம்பிக்கும்போது அந்த வீட்டுப் பெண் எழுந்து உள்ளே போக வேண்டும். பேச்சு முடியும்போது காபியோடு வெளியே வர வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நம் வீட்டில் நடந்த பகிர்வு முழுவதையும் நான் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறேன்.

இந்த முறை என்ன வாசகம் தெரியுமா? உங்களுடையது. சீமோனின் மாமியார்.

நற்செய்தியில் மாற்கு அதை எழுதியதே கொஞ்சம்தான். சீமோன் பேதுருவின் மாமியார் காய்ச்சலில் கிடக்கிறார். இயேசு வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். காய்ச்சல் போய்விடுகிறது. கோயில் பாஷையில் அது புதுமை, அற்புதம். அந்த அம்மாள் எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்கிறார். ஒவ்வொரு முறையும் நீங்கள் அந்தக் கடைசி வரியில்தான் சண்டைக்கு நிற்பீர்கள்.

“கைய புடிச்சித் தூக்குனாரு, சரி. தூக்குனவரு கொஞ்ச நேரம் ஒக்காரும்மான்னு சொல்லியிருக்கலாம்ல? காய்ச்சல்காரிய எழுப்பிச் சோறு போட வெக்கறதுக்கா புதும?”

நீங்கள் படுத்த படுக்கையான பிறகும் அதை விடவில்லை. ஒருநாள் உங்களைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மறுபடி மாமியாரை ஆரம்பித்தீர்கள். எனக்கு அன்று இடுப்பு விட்டுப்போயிருந்தது. கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டேன், பேதுருவுக்கு மாமியார் இருந்தால் பொண்டாட்டியும் இருந்திருப்பாளே, அவள் எங்கே போனாள் என்று. அம்மாவுக்கு ஈரத்துணி போட்டதும் கஞ்சி ஊற்றியதும் அவள்தானே. அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னீர்கள்:

“அவ அடுப்பாண்டதான் இருந்திருப்பா. அதான் எழுதனவன் கண்ணுல படல.”

நான் உங்கள் புடவையைச் சரிசெய்து, உங்களை நிமிர்த்திப் படுக்க வைத்தேன். அப்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். “நான் போனப்புறம் இந்தக் கட்டில்ல கொஞ்ச நாளு நீ படு” என்றீர்கள். நான் அதைக் கேட்காத மாதிரி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அன்பியத்துக்கு வருகிறேன். ரீத்தா டீச்சர்தான் இப்போதும் நடத்துகிறார். அவர் வாசித்து முடித்ததும் நான் வழக்கம்போல எழுந்து உள்ளே போனேன். சுண்டலைத் தாளித்துவிட்டு டிகாக்‌ஷனைப் பாலில் கலந்தேன். வெளியே ஒவ்வொருவராக அந்த மாமியாரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எழுந்ததும் பணிவிடை செய்தாரே, அதுதான் உண்மையான விசுவாசம் என்றார்கள். நமக்கு வெளியே தேட வேண்டாம், இந்த வீட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது என்றார் டீச்சர். அது நான் என்று புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புகழ்ச்சி அடுப்படிக்குள் வந்து என்னைத் தேடியது அத்தை.

அப்போதுதான் தெரேஸ் அண்ணி சொன்னார்: “எங்கம்மாவ பாத்துக்கிட்ட மாதிரி ஆல்பேர் மாமாவயும் இவதான் பாத்துக்கப் போறா. அம்மா ரூமு சும்மாதான இருக்கு.”

கை தட்டினார்கள்.

நான் காபித் தட்டோடு அடுப்படி வாசற்படியில் நின்றேன். உங்கள் பிள்ளை தரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார். உங்கள் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

“டீச்சர், அந்த அம்மாவுக்குக் காய்ச்சலா இருந்தப்ப யாரு பாத்துக்கிட்டாங்க? பேதுரு பொண்டாட்டி எங்க இருந்தா?” என்று கேட்டேன்.

டீச்சர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். “அதெல்லாம் இதுல இல்லயேம்மா.”

“எங்க அத்த சொல்வாங்க, அவ அடுப்பாண்டதான் இருந்திருப்பான்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் குரலை நினைத்துத்தான் சிரித்தார்கள், எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

“என்னால முடியல அண்ணி. மாமாவ இங்க வெச்சிப் பாக்க என்னால முடியாது.”

“அப்ப அவரு எங்க போவாரு?” என்று கேட்டார் அண்ணி. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

டீச்சர் சட்டென்று ஒரு மாதா பாட்டைத் தொடங்கினார், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு நடக்கும்போதே காபியைக் கொடுத்தேன். முதல் வாய் குடித்ததும் எல்லோர் முகமும் ஒரே மாதிரி மாறியது. சர்க்கரை போட மறந்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைதான் எழுந்து உள்ளே போனார். அவருக்குச் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் பாட்டோடு சேர்ந்து கேட்டது. நான் போய் எடுத்துக் கொடுக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அந்த வாசகத்தை எடுத்து மேலே படித்தேன். நீங்கள் மாமியாரோடு நின்றுவிடுவீர்கள், அதற்கப்புறம் நாம் போனதே இல்லை. மாமியார் எழுந்த அன்று மாலை ஊரே நோயாளிகளோடு அந்த வீட்டு வாசலில் கூடுகிறது. இயேசு பலரைக் குணமாக்குகிறார். விடியுமுன் எழுந்து யாருமில்லாத இடத்துக்குப் போய்விடுகிறார். பேதுரு தேடிக் கண்டுபிடித்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். அவர் திரும்பி வரவில்லை. பக்கத்து ஊர்களுக்குப் போகலாம் என்கிறார்.

அப்படியானால் காலையில் வந்தவர்கள்? செய்தி தாமதமாகக் கிடைத்து, தாயைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தவர்கள்? அவர்கள் அந்த வாசலில் நின்று என்ன செய்திருப்பார்கள்? மாற்கு அதையும் எழுதவில்லை.

தேடினவர்களை விட்டுவிட்டு அவரே போயிருக்கிறாரே என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் அந்த நிம்மதி கரைந்தும் போயிற்று. அவர் போனது அடுத்த ஊரில் வேலை செய்ய. நான் கேட்பது படுக்க. வேதத்தை என் வசதிக்கு வாசிக்கிறேனா அத்தை? நீங்கள் இருந்தால் இதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பீர்கள். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்றாவது தெரிந்திருக்கும்.

உங்கள் தம்பியிடம் நானே போய்ச் சொன்னேன். அடுத்தவர் வாயிலிருந்து அவர் கேட்கக்கூடாது என்று தோன்றியது. உங்கள் பிள்ளையும் கூட வந்தார். வீராம்பட்டினம் போகிற பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்துவிட்டுத்தான் போனோம். தரைத்தளத்தில் இடம் இருக்கிறது, புண்ணுக்குக் கட்டுப்போட ஆள் இருக்கிறது.

மாமா நான் முடிக்கும்வரை விடவில்லை. “எங்கக்காவயே சமாளிச்சவ நீ. உனக்கே முடியலன்னா அப்புறம் என்ன?” என்று சிரித்தார். “ஞாயித்துக்கெழமயில காபி மட்டும் எடுத்துட்டு வா. சக்கர போட்டு.”

அண்ணி அதற்குள் போனில் எல்லாம் சொல்லியிருக்கிறார்.

“உனக்கு சுகரு மாமா” என்றார் உங்கள் பிள்ளை.

“தெரியும்டா. அதான் கேக்கறேன்.”

நாங்களும் சிரித்தோம். அதன் பிறகு அவர் எங்களைப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த படுக்கை விரிப்பின் ஓரத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். அதில் சுருக்கம் எதுவும் இல்லை. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. என் சார்பில் அவரிடம் ஏதாவது சொல்ல முடியுமா உங்களால்? அல்லது என்மேல் உங்களுக்கும் வருத்தமா? அந்தக் கட்டிலைப் பற்றி அன்று சொன்னீர்களே, மனதார எனக்கென்றுதான் சொன்னீர்களா, இல்லை முதுகுவலி விட்ட நேரத்தில் வந்த வார்த்தையா? உங்கள் தம்பிக்கே இடமில்லாமல் போகும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா?

நேற்று மதியம் உங்கள் அறையைத் திறந்தேன். அண்ணி ஊருக்குப் போய்விட்டார். கட்டில் அவர் தள்ளி வைத்த இடத்திலேயே ஜன்னலோரம் இருக்கிறது. நான் படுத்தேன். மெத்தையில் நீங்கள் கிடந்த பள்ளம் அப்படியே இருக்கிறது, என் இடுப்பு அதில் சரியாகப் பொருந்தியது. ஜெபம் வருமா என்று பார்த்தேன். மாதாவை வாழ்த்தும் உங்கள் பிரெஞ்சு மங்கள வார்த்தை செபம் பாதிவரை வந்தது, மீதி எனக்குத் தெரியாது. அதோடு விட்டுவிட்டேன். சாயங்காலம்வரை அப்படியே கிடந்தேன். யாரும் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. அதுவும் நல்லதாகவே இருந்தது.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் உங்கள் தம்பிக்குக் காபி போகும் அத்தை. சர்க்கரை ஒரு துளிதான், நீங்கள் கேட்டாலும் அதற்கு மேல் இல்லை. அன்பியம் அடுத்து நம் வீட்டுக்கு வரும்போது காபியை முன்னாலேயே போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு, உங்கள் பிரம்பு நாற்காலியில் உட்காருவேன். காலையில் தாமதமாக வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பேன். பதில் வருகிறதோ இல்லையோ, உள்ளே எழுந்து போகமாட்டேன்.

உங்கள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்த,
உங்கள் மருமகள்
லூர்து