படி இறங்க மாட்டேன்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் தொலைபேசி அடித்தது. எடுத்து "ஹலோ" என்றேன்.

"தம்பி, அம்மா இருக்காங்களா?"

அம்மாவின் அலுவலகத் தோழி. வழக்கம்போல "ம்" என்று சொல்லி அம்மாவிடம் நீட்டினேன். என் தம்பிக்கே இன்னும் குரல் உடையவில்லை, முரட்டுக் குரல் என்பதற்காக அக்காவான என்னைப் போய் அவன் என்கிறார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கல்லூரியில் இசை நாடகம் பற்றி ஆய்வுத் திட்டம். குழுவுக்கு மூன்று பேர். ஒரு நாடகத்தை ஆராய்ந்து பேச வேண்டும், அதிலிருந்து ஒரு பாட்டை மேடையில் பாடிக் காட்ட வேண்டும். மேடமே வேலையைப் பிரித்துவிட்டார்கள். பாட்டு குயிலுக்கு, வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். கீபோர்டு வாசிக்கிறவனுக்குக் கீபோர்டு. ஆராய்ச்சியும் பேச்சும் எனக்கு.

"கோரஸ் வர்றப்ப நீ வாயை மட்டும் அசை, போதும்," என்றார்கள் மேடம் என்னிடம்.

பள்ளியில் பிரார்த்தனைப் பாட்டுக்கே வாயை அசைத்தவள் நான். இன்னும் எத்தனை காலம்? முடியாது என்றால் முடியாது.

பிப்ரவரி 6

எங்கள் நாடகத்தின் நாயகி ஒரு விடுதிச் சமையல்காரி. முதலாளி வேலையை விட்டுத் துரத்துகிறான். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பாடுகிறாள்: "படி இறங்க மாட்டேன்." இவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 11

ஒத்திகை. குயில் பாடினால் தாலாட்டு மாதிரி இருக்கிறது. முதலாளி அங்கேயே தூங்கிவிடுவான். அவளுக்கே தெரிகிறது, பாவம்.

"கோபமே வர மாட்டேங்குதுடி. அழகா வருது."

நான் பாடிப் பார்த்தேன். மேல் வரியில் குரல் கிறீச்சிட்டது. கீபோர்டுக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும்!

பிப்ரவரி 13

நூலகத்தில் ஒலிப்பதிவுகள் கேட்டேன். ஒரே பாட்டு, மூன்று நடிகைகள், மூன்று சுருதி! நடிகையின் தொண்டைக்குத் தகுந்தபடி பாட்டை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். பாட்டுக்காக யாரும் தொண்டையை மாற்றிக்கொள்ளவில்லை.

நாங்கள் என்னடா என்றால், பாட்டைக் குயிலின் சுருதியிலேயே வைத்துக்கொண்டு, எனக்குப் பாட்டே வராது என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 14

கீபோர்டுக்காரனைச் சுருதியை இரண்டு கட்டை இறக்கச் சொன்னேன். ஒரு பொத்தான். அவ்வளவுதான் விஷயம்!

பாடினேன். அவன் வாசிப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். "இப்பதான் அந்தச் சமையல்காரி வந்திருக்கா."

குயில் பையை எடுத்துத் தோளில் போட்டாள். "அப்ப நான் எதுக்கு?" போயே போய்விட்டாள்.

பிப்ரவரி 17

நானே பாடுகிறேன் என்று மேடத்திடம் போய் நின்றேன்.

"ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தாச்சு. பாட்டு இனிமையா இருக்கணும்."

"வேலையை விட்டுத் துரத்துனா யார் மேடம் இனிமையா பாடுவாங்க?"

"உனக்கு வாய் ரொம்ப நீளுது."

வாயை அசைக்கச் சொன்னதே அவர்கள்தானே.

பிப்ரவரி 20

நாளை மேடை. மேடம் கூப்பிட்டுச் சொன்னதில் குயில் திரும்பி வந்துவிட்டாள், பாட்டு அவளுக்கேதான். "நாலு பேர் முன்னாடி கொஞ்சம் மெதுவா பேசு," என்றாள் அம்மா. சரி என்று நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பேசினேன். மூன்று ஒலிப்பதிவுகளையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டேன். அடுத்துக் குயில் பாட வேண்டும். மைக் அவள் கையில். நான் இறங்கவில்லை.

"நாலாவது சுருதியையும் கேளுங்க," என்றேன்.

கீபோர்டுக்காரன் மேடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பொத்தானை அமுக்கினான். குயில் முறைத்தாள். நான் நகரவில்லை. மைக்கை என் கையில் திணித்தாள்.

"பாடித் தொலை."

முதல் வரி உடைந்தது. நிறுத்தவில்லை. இரண்டாம் வரியிலிருந்து என் குரல்தான், என் முரட்டுக் குரலேதான். கோரஸில் குயில் பக்கத்தில் வந்து மேல் ஸ்தாயியில் சேர்ந்தாள். அவளுக்கும் கோபம் வந்திருந்தது. எவ்வளவு நன்றாக வந்தது தெரியுமா!

பிப்ரவரி 26

சொன்னபடி செய்யவில்லை என்று எனக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். என் ஒருத்திக்கு மட்டும். போகட்டும்.

"பாட்டு எப்படி இருந்துச்சு மேடம்?"

தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்கள். "கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு."

பிப்ரவரி 28

தொலைபேசி. நானே ஓடிப்போய் எடுத்தேன்.

"தம்பி, அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. நான் தம்பி இல்ல, அவனோட அக்கா."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். மெதுவாகப் பேசு என்று சொல்லவில்லை.